கோச் ஸ்க்ரூவா, கட்டமைப்புத் திருகாணியா? சுமை தாங்கும் மரத்துக்கான இரு ஆணிகள்: ஓர் ஒப்பாய்வு

ஹார்டுவேர் கடையில் திருகாணி கேட்டால் வரும் கேள்விகள் இரண்டுதான்: எத்தனை இன்ச், எத்தனை டஜன். கதவுக் கீலுக்கும் அலமாரித் தட்டுக்கும் அது போதும். கைமரத்தை உத்திரத்தோடும், பரண் சட்டத்தைத் தூணோடும், தாழ்வாரக் கூரையைச் சுவர்ப் பலகையோடும் பிணைக்கும் ஆணிக்கு அது போதாது. அங்கே ஆணி பிடி விட்டால் கீழே நிற்பவர் தலையில் கூரை விழும். எந்த மரம், எந்தத் திசையில் சுமை, வெயிலும் மழையும் படுமா என்ற கேள்விகள் முன்னே வர வேண்டும். நீளமும் எண்ணிக்கையும் அதற்குப் பிறகு.

நம் பழைய வீடுகளில் இந்தக் கேள்விகளை ஆசாரியே கேட்டு, கழுந்தும் துளையும் மர ஆணியுமாக விடையும் செய்துவிடுவார். இன்று அப்படிச் செய்ய நேரமும் கையும் அரிது. இறக்குமதிப் பைன் சட்டங்களும் மின்சார டிரில்லும் வந்துவிட்ட காலத்தில், சுமை தாங்கும் மர இணைப்புகளுக்கு இரண்டு ஆணிகள் போட்டியிடுகின்றன. ஒன்று, நெடுங்காலமாகப் புழங்கும் அறுகோணத் தலை கோச் ஸ்க்ரூ. அமெரிக்காவில் இதையே லேக் ஸ்க்ரூ என்கிறார்கள். மற்றது, கடினப்படுத்திய எஃகில் செய்து, துளை போடாமலே மரத்துக்குள் இறங்கும் நவீனக் கட்டமைப்புத் திருகாணி. புதியது பழையதை ஒழித்துவிட்டது என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். பழையதே போதும் என்று பல தச்சர்கள் சொல்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரு தரப்பும் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன என்பது தெரியும்.

தொடங்குமுன் ஒரு வரம்பு. மரத்தின் இரு பக்கமும் கை எட்டுமானால், குறுக்கே முழுத் துளை போட்டு, போல்ட்டும் நட்டும் வாஷரும் வைத்து இறுக்குவதே பெரும்பாலும் உறுதியானது. ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வேலை செய்ய முடியும் என்ற இடத்தில்தான் இந்த இரண்டுக்கும் இடையே போட்டி.

பிறப்பும் உருவமும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மரத் திருகாணிகளின் முனை மொட்டையாகவே இருந்தது. 1846இல் அமெரிக்காவின் தாமஸ் ஸ்லோன் கூர்முனைத் திருகாணிக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் நெட்டில்ஃபோல்ட் நிறுவனம் அந்த உரிமையை வாங்கி, பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கில் பெரிய ஆலை எழுப்பியது. நெட்டில்ஃபோல்ட் என்ற பெயர் இந்தியக் கடைகளிலும் நெடுங்காலம் புழங்கியது. கோச் ஸ்க்ரூ இந்தக் குடும்பத்தின் தடித்த உறுப்பினர்: தலை போல்ட் போல அறுகோணம், கழுத்துப் பகுதி வழுவழுப்பான உருளை, கீழே ஆழமான மரை. ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். ஜெர்மானியத் தரம் டின் 571இன்படி 10 மி.மீ. கோச் ஸ்க்ரூவின் கழுத்து 10 மி.மீ.; மரைப் பகுதியின் உட்தண்டு 7 மி.மீ.

கட்டமைப்புத் திருகாணி வேறு வழியில் வந்தது. 1960களில் சிப்போர்டு பலகைகளுக்கென்று ஜெர்மனியில் வந்த கடின எஃகுத் திருகாணிகளின் வழியில் வளர்ந்து, இன்று 300 மி.மீ.க்கும் மேல் நீளமாகக்கூடக் கிடைக்கிறது. தலையில் நட்சத்திரக் குழி. முனையில் மரநாரை வெட்டும் பள்ளம். மரை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் துளையைச் சற்று அகலப்படுத்தும் கீற்றுகள். இதன் மரை கம்பியை உருட்டி எழுப்பப்படுவதால், மரையின் வெளிவிட்டம் கழுத்தைவிடப் பெரிது. '8 மி.மீ.' என்று விற்கப்படும் ஆணியின் கழுத்து 6 மி.மீ.க்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆகவே பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் ஒப்பிடுவது தவறு. ஒன்றில் அந்த எண் கழுத்தைக் குறிக்கிறது. மற்றதில் மரையின் வெளிவிளிம்பை.

எஃகு: தடிமனா, தரமா?

கோச் ஸ்க்ரூ பெரும்பாலும் மென்னெஃகு. அதன் இழுவலிமையைச் சதுர மி.மீ.க்கு 400 நியூட்டன் என்று வைத்தால், 7 மி.மீ. உட்தண்டு ஏறத்தாழ 15,000 நியூட்டன் வரை, அதாவது ஒன்றரை டன் எடை வரை, அறாமல் தாங்கும். கட்டமைப்புத் திருகாணியின் எஃகு 1000 நியூட்டன் அளவில் நிற்கும். அதன் 8 மி.மீ. ஆணியின் உட்தண்டு 5.4 மி.மீ.தான், ஆனாலும் கணக்குப்படி 20,000 நியூட்டனைத் தாண்டும். மெலிந்தது தடித்ததை வெல்கிறது. துளை சிறியதாகவும் மரத்தின் குறுக்குவெட்டு குறையாமலும் இருப்பது இதன் கூடுதல் நன்மை.

ஆனால் கடினத்துக்கு விலை உண்டு. மென்னெஃகு அளவுக்கு மீறி வளைக்கப்பட்டால் வளைந்து நிற்கும். பார்த்தவருக்கு எச்சரிக்கை கிடைக்கும். கடின எஃகு அந்த அளவுக்கு வளையாது. அதிலும் மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிட்டால், இறுக்கி வைத்த ஆணி சில நாட்களுக்குப் பிறகு எந்த முன்னறிகுறியும் இல்லாமல் அறுந்துபோகக்கூடும். நல்ல தயாரிப்பாளர்கள் இதைக் கட்டுப்படுத்துகிறார்கள். பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் அந்த உத்தரவாதம் இல்லை. ஜிப்சம் பலகைக்கான கறுப்புத் திருகாணியைக் கட்டமைப்பு மரத்தில் போடக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். அது கடினமானது, மெலிந்தது, பக்கவாட்டு விசைக்கு உடைவது. பார்வைக்குக் கட்டமைப்புத் திருகாணி போல இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

துளை: கோச் ஸ்க்ரூவின் உயிர்

கோச் ஸ்க்ரூவின் வலு கடையில் கிடைப்பதில்லை. டிரில் முனையில்தான் உருவாகிறது. இரண்டு துளைகள் வேண்டும். மேல் மரத்தில், கழுத்து நுழையும் அளவுக்குக் கழுத்தின் விட்டத்திலேயே ஒரு துளை. கீழ் மரத்தில், மரை கடித்துப் பிடிக்கும்படி அதைவிடச் சிறிய துளை. அமெரிக்க மரக் கட்டுமான வடிவமைப்பு விதிகள் இரண்டாவது துளையை மரத்தின் அடர்த்தியோடு இணைக்கின்றன. நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 0.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கழுத்து விட்டத்தில் 40 முதல் 70 சதவீதம், 0.5க்கும் 0.6க்கும் இடையே 60 முதல் 75, 0.6க்கு மேல் 65 முதல் 85. ஐரோப்பிய விதியான யூரோகோடு 5 பொதுவாக 70 சதவீதம் என்கிறது. எனவே 10 மி.மீ. கோச் ஸ்க்ரூவுக்கு 7 மி.மீ. துளை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான மரங்களில் பிழை வராது.

துளை பெரிதானால் மரைக்குப் பிடி கிடைக்காது. சிறிதானால் மரம் பிளக்கும், அல்லது ஆணியின் கழுத்து முறுக்கி அறும். இதைவிடக் கேடான வழக்கம் ஒன்று உண்டு: சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு, கடைசிச் சில சுற்றுகளை மட்டும் ஸ்பேனரால் திருகுவது. மரை மரநாரை நசுக்கிக்கொண்டு போவதால் வெளியே தலை மட்டும் அழகாக நிற்கும், உள்ளே பிடி இருக்காது. திருகியே இறக்க வேண்டும், சுத்தியலால் அடிக்கக் கூடாது என்று அதே அமெரிக்க விதி வெளிப்படையாகச் சொல்கிறது. எளிதாக இறங்க சோப்போ வேறு வழுவழுப்பியோ தடவலாம் என்றும் அனுமதிக்கிறது. நம் தச்சர்கள் மெழுகு தேய்ப்பதும் இந்த நோக்கத்துக்குத்தான்.

கட்டமைப்புத் திருகாணி இந்த உழைப்பை மிச்சப்படுத்தவே வந்தது. ஸ்ப்ரூஸ், பைன் போன்ற மென்மரங்களில் அதன் முனை தானே வழி வெட்டிக்கொள்ளும். பொறுமையின்றித் தவறான அளவில் துளை போடும் கைக்கு இது பாதுகாப்பு. ஆனால் துளையே தேவையில்லை என்ற வாக்குறுதி மென்மரத்துக்கு மட்டுமே. யூரோகோடு 5 வன்மரத்தில் எல்லாத் திருகாணிகளுக்கும் முன்துளை கேட்கிறது. துளை போடுவதானால் 8 மி.மீ. ஆணிக்கு மென்மரத்தில் 5, வன்மரத்தில் 6 மி.மீ. என்ற அளவில் தயாரிப்பாளர்களே அட்டவணை தருகிறார்கள். வைரம் பாய்ந்த வேங்கையிலோ பழைய தேக்கு உத்திரத்திலோ துளையின்றி ஏற்றினால் பாதியில் ஆணி முறியும். முறிந்த துண்டை வெளியே எடுப்பது பெரும்பாடு.

மரம்: ஆணியைவிடப் பெரிய தீர்ப்பாளர்

ஆணியை மரத்திலிருந்து நேரே பிடுங்கும் விசைக்கு எதிரான பிடிப்பைக் கணக்கிட அமெரிக்க விதியில் ஒரு சூத்திரம் உண்டு. லேக் ஸ்க்ரூவுக்கு, பிடிப்பு மரத்தின் அடர்த்தியின் ஒன்றரை அடுக்கோடும், ஆணி விட்டத்தின் முக்கால் அடுக்கோடும் உயர்கிறது. பொருள் எளிது: ஆணியின் விட்டத்தை இரட்டித்தால் பிடிப்பு 1.7 மடங்குதான் கூடும். மரத்தின் அடர்த்தி இரட்டித்தால் 2.8 மடங்கு கூடும். ஸ்ப்ரூஸ் கனமீட்டருக்கு ஏறத்தாழ 430 கிலோ, தேக்கு 650 கிலோ. அதே ஆணி தேக்கில் ஏறத்தாழ 1.9 மடங்கு வலுவாகப் பிடிக்கும். தடித்த ஆணி வாங்குவதைவிட நல்ல மரத்தில், நல்ல இடத்தில் ஆணி இறங்குவது முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பனை இங்கே தனி வழக்கு. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஓட்டுக் கூரைகளைத் தாங்கிய பனங்கைகளுக்கு வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது. உள்ளே மிருதுவான சோறு. புறத்தே வைரம் கொண்டவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் கொண்டவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்த பிரிவினை, திருகாணி போடுபவருக்கு நேரடியாகப் பயன்படும். பனையின் உட்பகுதிக்குள் எவ்வளவு நீளமான ஆணி இறங்கினாலும், எந்த வகையாக இருந்தாலும், அங்கே மரைக்குப் பிடி இல்லை. பனங்கையில் முழுத் துளை போட்டு, அகன்ற வாஷரோடு போல்ட் போடுவதே சரி.

எந்த ஆணியானாலும் விளிம்புகளை மதிக்க வேண்டும். மர நுனியிலிருந்து விட்டத்தின் 7 மடங்கும், சுமை தள்ளும் பக்க விளிம்பிலிருந்து 4 மடங்கும் விட்டுவைப்பது பாதுகாப்பான பழக்கம். ஒரே நாரோட்டத்தில் வரிசையாக ஆணிகளை இறக்கினால் மரம் அந்தக் கோட்டில் பிளக்கும். சற்று மாற்றி மாற்றி இறக்க வேண்டும். கீழ் மரத்தில் ஆணி விட்டத்தின் 8 மடங்கு ஆழம் சென்றால்தான் லேக் ஸ்க்ரூவின் பக்கவாட்டு வலு முழுமையாகக் கிடைக்கும் என்கிறது அமெரிக்க விதி. கூர்முனை இந்த ஆழத்தில் சேராது.

விசையின் திசை

ஆணிக்கு வரும் விசை இரண்டு வகை: குறுக்கே வெட்டுவது, நேரே பிடுங்குவது. உத்திரத்தின் பக்கவாட்டில் பொருத்திய பலகை மேல் சுமை வந்தால் அது வெட்டு விசை. தகரக் கூரையைப் புயல் தூக்கினால் அது பிடுங்கு விசை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதியைத் தாக்கியபோது பறந்த கூரைகளை நினைத்துப் பாருங்கள். கூரையைக் கீழே அழுத்தும் எடையை மட்டும் கருதி ஆணி போட்டவர்களுக்குக் காற்றின் கணக்கு தெரிந்திருக்கவில்லை.

வெட்டு விசையில் கோச் ஸ்க்ரூ தன் தடித்த கழுத்தால் நன்றாக நிற்கும். இரண்டு மரங்களும் சேரும் கோட்டில் கழுத்து இருக்க வேண்டும். மரை இருந்தால் மெலிந்த உட்தண்டுதான் சுமையை ஏற்கும். பிடுங்கு விசையில் கட்டமைப்புத் திருகாணி மேலோங்குகிறது. நுனி முதல் தலை வரை மரையுள்ள முழுமரை வகையை 45 பாகைச் சாய்வில் இறக்கினால், வெட்டு விசையையே அது தன் நீளத்தின் வழியே இழுவிசையாக ஏற்றுக்கொள்ளும். இணைப்பு நேராகப் போட்ட ஆணியைவிடப் பன்மடங்கு விறைப்பாக நிற்கும். கோச் ஸ்க்ரூவால் இதைச் செய்ய முடியாது.

இரண்டுக்குமே பொருந்தாத இடமும் உண்டு. மரச் சட்டத்தின் வெட்டு முகத்தில், நாரோட்டத்தின் திசையிலேயே ஆணியை இறக்கிப் பிடுங்கு விசை கொடுப்பது ஆபத்து. அமெரிக்க விதி லேக் ஸ்க்ரூவுக்கு அங்கே பிடிப்பை 75 சதவீதமாகக் குறைக்கிறது. சாதாரண மரத் திருகாணிக்கு அனுமதியே இல்லை. ஊஞ்சல் தொங்கவிடுவோர் இதோடு இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். ஊஞ்சல் கொக்கியை உத்திரத்தின் அடிப்பக்கத்தில் மேல்நோக்கித் திருகி நிறுத்தினால், ஆடும் உடலின் முழு எடையும் மரையின் பிடியை மட்டுமே நம்பி நிற்கும். உத்திரத்தை ஊடுருவி, மேலே வாஷரும் நட்டும் போட்டு நிறுத்துவதுதான் சரி.

இறுக்கமும் காய்தலும்

இரு மரங்களை இடைவெளியின்றி ஒட்ட வைக்க வேண்டுமானால் மரை கீழ் மரத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும். மேல் மரத்திலும் மரை பிடித்தால் இரண்டும் ஒரே அளவில் நகரும். இடைவெளி அப்படியே நிற்கும். கோச் ஸ்க்ரூவில் மேல் துளை இதைப் பார்த்துக்கொள்கிறது. கட்டமைப்புத் திருகாணியில் பாதிமரை வகையைத் தேர்ந்து, கழுத்து சேர்க்கைக் கோட்டைத் தாண்டும் நீளத்தைக் கணக்கிட வேண்டும். முழுமரை வகை இருக்கும் இடைவெளியையே பூட்டிவிடும் என்பதால், முதலில் கிளாம்ப் போட்டு மரங்களை இறுக்கிக்கொண்டு பிறகு இறக்க வேண்டும்.

பச்சை மரம் காயும்போது நாரோட்டத்துக்குக் குறுக்கே சுருங்கும். இன்று இறுக்கமாக இருந்த கோச் ஸ்க்ரூத் தலைக்கும் மரத்துக்கும் இடையே கோடை கழிந்ததும் இடைவெளி விழும். அதனால் ஸ்பேனர் எட்டும்படி தலையை வெளியே விட்டு, முதல் கோடைக்குப் பிறகு ஒருமுறை இறுக்கிவிடுவது நல்லது. புட்டி போட்டு மூடிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். கோச் ஸ்க்ரூவுக்கு அகன்ற வாஷர் கட்டாயம். இல்லையென்றால் தலை மரத்துக்குள் அமிழும். கட்டமைப்புத் திருகாணியில் அகன்ற தலையே வாஷராக அமைந்த வகையும் உண்டு. எதையும் மிகையாக இறுக்கக் கூடாது. மரத்தில் மரை வெட்டிய பள்ளம் நைந்து, ஆணி வெறுமனே சுழலத் தொடங்கினால் அந்தத் துளை செத்துவிட்டது. வேறிடத்தில் புதிதாகப் போட வேண்டும்.

துரு

கடலோரத்தில் சாதாரண மின்முலாம் பூசிய ஆணி நீண்டநாள் நிற்காது. கோச் ஸ்க்ரூவின் மரை தடித்தது என்பதால் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கனத்த பூச்சை அது தாங்கும். உப்புக்காற்று நேரே படும் இடத்தில் 316 தரத் துருப்பிடிக்காத எஃகே பாதுகாப்பு. கட்டமைப்புத் திருகாணிகள் பெரும்பாலும் தயாரிப்பாளரின் தனிப் பூச்சையே நம்புகின்றன. அது எந்தச் சூழலுக்குச் சோதிக்கப்பட்டது என்பதைப் பெட்டியில் பார்த்தே வாங்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு வகை கடின எஃகைவிட மென்மையானது என்பதால் வன்மரத்தில் எளிதில் முறுக்கி அறும். அதற்கு முன்துளை கட்டாயம்.

மருந்தேற்றிய மரத்திலும் கவனம் தேவை. அமெரிக்காவில் 2003 இறுதியில் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஆர்சனிக் கலந்த மரமருந்து விலக்கப்பட்டு, செம்பு மிகுந்த மருந்துகள் வந்தன. செம்பு இரும்பை அரிப்பதால் அங்கே ஆணிகளின் பூச்சும் மாற வேண்டியிருந்தது. பச்சை நிறம் ஏறிய இறக்குமதிப் பைனில் மலிவு ஆணி போடுவோர் இதை மறக்கக் கூடாது.

காகிதமும் விலையும்

அமெரிக்க வீடுகளின் பின்புற மரத் தளத்தைச் சுவரோடு பிணைக்கும் பலகையில் இந்த இரு ஆணிகளும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. வெறும் ஆணி அடித்துத் தொங்கவிட்ட தளங்கள் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு விழுந்த அனுபவத்தால், பிடுங்கு விசை ஏற்கும் அத்தகைய வெறும் ஆணிகளை அங்குள்ள வீட்டுக் கட்டட விதி அந்த இடத்தில் தடை செய்கிறது. அரை இன்ச் லேக் ஸ்க்ரூவுக்கும் போல்ட்டுக்கும் இடைவெளி அட்டவணை அந்த விதிநூலிலேயே இருக்கிறது. யார் செய்த லேக் ஸ்க்ரூவானாலும் அது பொருந்தும். கட்டமைப்புத் திருகாணிக்கு அப்படி ஒரு பொது அட்டவணை இல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரின் சோதனை அறிக்கையே அதன் சட்டம். அறிக்கை இல்லாத கட்டமைப்புத் திருகாணிக்கு வலு இருக்கலாம். அதை நிறுவ வழியில்லை.

நம் ஊரில் கோச் ஸ்க்ரூ சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும், விலையும் எட்டும். கட்டமைப்புத் திருகாணி அரிதாகவே கிடைக்கிறது. ஒவ்வொன்றும் பல மடங்கு விலை. ஆனால் துளை போடும் நேரமும் கூலியும் மிச்சமாவதைச் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்கணக்கான இணைப்புகள் உள்ள பெரிய பைன் கட்டுமானத்தில் அந்த வேறுபாடு சுருங்கிவிடும்.

தீர்ப்பு

பழைய தேக்கு, வேங்கை, சால் போன்ற வன்மரத்தில், வெட்டு விசை ஏற்கும் சில இணைப்புகளுக்கு, சரியான இரு துளைகளோடும் வாஷரோடும் போட்ட கோச் ஸ்க்ரூவே நம்பத்தக்கது. அங்கே புதிய ஆணி தன் பெரிய நன்மையை இழக்கிறது. ஸ்ப்ரூஸ், பைன் போன்ற மென்மரத்தில், பல இணைப்புகள் உள்ள வேலையில், காற்று தூக்கும் கூரையில், சாய்வாக இறக்க வேண்டிய இடத்தில் கட்டமைப்புத் திருகாணி தெளிவாக மேலானது. அறிக்கையோடு வந்தால் மட்டுமே. பனையிலும் ஊஞ்சல் உத்திரத்திலும் இரண்டையும் விட்டுவிட்டுப் போல்ட்டை எடுங்கள்.

வீடு கட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஆணி வாங்குவதற்கு முன் மரத்தின் பெயரையும் சுமையின் திசையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மனிதர் நடமாடும் தளமோ கூரையோ என்றால் பொறியாளரிடம் காட்டி அளவைக் கேளுங்கள். வேலை நடக்கும்போது ஆசாரியின் பெட்டியில் சரியான அளவு டிரில் முனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை முதலில் வாங்கிக் கொடுங்கள்.